ஆய்வகத்தில் பந்தி வஞ்சனை

1994ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், அறிவியல் புலத்துக்குக் கீழே ஆறு துறைகள் இருந்தன. அவற்றில் நிரந்தரப் பணி பெற்ற ஆண் பேராசிரியர்கள் 194 பேர். பெண்கள் 15 பேர். நிர்வாகம் எடுத்த கணக்கல்ல இது. அங்கே பணியாற்றிய மூன்று பேராசிரியைகள், துறைவாரியாகப் பெயர்களைப் பார்த்துத் தாங்களே எண்ணியது. எண்ணி முடித்தபோது அவர்களே அதிர்ந்துபோனார்கள். இருபது ஆண்டுகளாக ஒரே வளாகத்தில் இருந்தும், தங்கள் இனம் இவ்வளவு சிறியது என்பதை அதுவரை அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை, சமத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல் என்ற பேச்சு இன்று அமெரிக்காவில் பெரும் அரசியல் சண்டையாகிவிட்டது. சண்டை பெரும்பாலும் வாசலிலேயே நடக்கிறது: யாரைச் சேர்ப்பது, யாருக்கு வேலை கொடுப்பது. உள்ளே வந்துவிட்டவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. பந்தியில் இடம் கிடைத்தால் போதுமா, இலையில் என்ன விழுந்தது என்றும் பார்க்க வேண்டாமா? எம்.ஐ.டி. பேராசிரியைகள் அதைத்தான் பார்த்தார்கள். அறிவியல் கல்லூரி ஒன்று தன்னைத் திருத்திக்கொள்ள முனைந்ததற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

தொடங்கிவைத்தவர் நான்சி ஹாப்கின்ஸ். மூலக்கூறு உயிரியலாளர். 1973இல் எம்.ஐ.டி.யின் புற்றுநோய் ஆய்வு மையத்தில் சேர்ந்தவர். பெண் என்பதால் தனக்கு எதுவும் குறைந்ததாக நெடுங்காலம் அவர் நினைத்ததில்லை. அறிவியலில் திறமை ஒன்றுதான் பேசும் என்று நம்பியவர். புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களை ஆராய்ந்துவந்த அவர், ஐம்பது வயதை நெருங்கும்போது ஜீப்ரா மீனுக்கு மாறினார். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனின் கரு கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். முதுகெலும்புள்ள உயிர் ஒன்று உருவாவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். மீன் தொட்டிகள் வைக்க அவருக்குக் கூடுதலாக 200 சதுர அடி தேவைப்பட்டது. கேட்டார், கிடைக்கவில்லை. மற்றவர்களைவிட ஏற்கெனவே தனக்கு இடம் குறைவு என்று சொன்னார். அப்படியெல்லாம் இல்லை என்று பதில் வந்தது.

இஞ்சு டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆட்கள் போன பிறகு இரவுகளில் கட்டடத்தின் ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். அவருடைய இடம் 1,500 சதுர அடி. பணியில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆண் பேராசிரியர்களுக்கு 2,000. அவருக்கு இணையான மூத்த ஆண்களுக்கு 3,000 முதல் அதற்கு மேலும் போனது. அளவுகளைக் கொண்டுபோய்க் காட்டியும் ஏற்றுக்கொள்வார் இல்லை. இதற்கிடையே, தானும் சேர்ந்து உருவாக்கிக் கற்பித்துவந்த அறிமுக உயிரியல் பாடத்திலிருந்தும் அவர் விலக்கப்பட்டார்.

எம்.ஐ.டி.யின் தலைவர் சார்லஸ் வெஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்புமுன் சக உயிரியலாளர் மேரி லூ பார்டியூவிடம் காட்டினார். குரோமோசோம் ஆய்வில் பெரும் பெயர் பெற்றவர் பார்டியூ. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர். இப்படிப் புலம்புகிறவள் நல்ல விஞ்ஞானியாக இருக்க முடியாது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று ஹாப்கின்ஸ் பயந்தார். பார்டியூ படித்துவிட்டு, தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அந்த ஒரு பதிலில் இருபது ஆண்டுத் தனிமை உடைந்தது. ஒவ்வொருவரும் தன் குறை என்று எண்ணி மூடிவைத்திருந்தது எல்லோருக்கும் பொதுவானது என்று தெரியவந்ததும், சில நாட்களில், வேறு புலத்தைச் சேர்ந்த ஓரிருவரையும் சேர்த்து, 16 பேராசிரியைகளின் கையெழுத்து சேர்ந்துவிட்டது. மில்லி டிரெசல்ஹாஸ், பென்னி சிசோம், ஜோஆன் ஸ்டப் என்று அவரவர் துறையில் முன்னணியில் நின்றவர்கள் அதில் இருந்தார்கள். ஆராய்ச்சியில் பின்தங்கியவர்களின் புலம்பல் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாத பட்டியல் அது.

அறிவியல் புலத்தின் டீன் ராபர்ட் பர்ஜனோ இயற்பியலாளர். பேராசிரியைகள் நேரில் வந்து ஒவ்வொருவராகப் பேசக் கேட்டார். தரவுகளைச் சொந்தமாகவும் சரிபார்த்தார். சில துறைத் தலைவர்களின் எதிர்ப்பைத் தாண்டி ஒரு குழுவை அமைத்தார். அதில் பெரும்பாலோர் பெண்கள். கூடவே மூத்த ஆண்கள் மூவர். ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜெரோம் ஃபிரீட்மன். பெண்கள் மட்டும் இருந்திருந்தால் தனிக் கட்சி என்று சொல்லியிருப்பார்கள். ஆண்கள் மட்டும் இருந்திருந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரிந்திருக்காது. மூவரும் துறை நிர்வாகம் உள்ளே எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்கள். பணம் எந்த வழியில் போகிறது, இடம் யார் வாயால் முடிவாகிறது என்ற விவரங்கள் அவர்கள் வழியாகத்தான் மேசைக்கு வந்தன.

குழு கண்டுபிடித்ததில் ஒரு வில்லன் இல்லை. பெண்களுக்குக் குறைவாகக் கொடு என்று எழுதிவைத்த விதி எங்கும் கிடையாது. சம்பளம், ஆய்வக இடம், தொடக்க நிதி, கற்பித்தல் சுமை, விருதுக்குப் பரிந்துரை என ஒவ்வொன்றும் துறைத் தலைவரும் அவருக்கு நெருக்கமான சிலரும் தனித்தனியே பேசி முடித்துக்கொள்ளும் காரியமாக இருந்தது. பேசத் தெரிந்தவர், பேச்சு நடக்கும் இடத்தில் இருப்பவர், முன்கூட்டியே சேதி தெரிந்தவர் நிறையப் பெற்றார். வேறொரு பல்கலைக்கழகம் அழைக்கிறது என்று சொல்லி இருக்கும் இடத்தில் சம்பளத்தை ஏற்றிக்கொள்வது அமெரிக்கக் கல்விச்சாலைகளில் சாதாரண வழக்கம். ஆனால் பெண்களுக்கு வந்த அழைப்பும் ஆண்களுக்கு வந்த அழைப்பும் ஒரே மாதிரி மதிக்கப்படவில்லை. சம்பளத்தில் எவ்வளவு பங்கை நிறுவனம் தருகிறது, எவ்வளவைப் பேராசிரியரே தன் ஆய்வு மானியத்திலிருந்து ஈட்ட வேண்டும் என்பதிலும் வேறுபாடு இருந்தது. மானியத்துக்காக ஓடுகிறவருக்கு ஆராய்ச்சி நேரம் குறையும். அதனால் கட்டுரை குறையும். அதைக் காட்டி அடுத்த முறை இடமும் குறையும். ஆறு துறைகளில் எதற்கும் அதுவரை ஒரு பெண் தலைவர் இருந்ததில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்த கண்டுபிடிப்பு வேறொன்று. இளம் பேராசிரியைகளைக் கேட்டபோது, துறை தங்களை நன்றாக நடத்துகிறது, குடும்பத்தையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதுதான் கஷ்டம் என்றார்கள். மூத்தவர்கள் தாங்கள் ஓரங்கட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். மூத்தவர்களும் இளமையில் இதே நம்பிக்கையோடு இருந்தவர்கள்தாம். அனுபவம் ஏற ஏற, அதிகாரம் பங்கிடப்படும் இடத்தை நெருங்க நெருங்க, ஒதுக்கல் தொடங்குகிறது. பழைய தலைமுறையின் கசப்பு, புதியவர்களுக்கு இது வராது என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இதனால்தான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு கருத்துக் கேட்புப் படிவத்தைக் கொடுத்து, எல்லோரும் மகிழ்ச்சி என்று எழுதிவிட்டார்கள் என ஒரு கல்லூரி கோப்பை மூடினால் அதை நான் நம்பமாட்டேன்.

காத்திருந்தால் தானாகச் சரியாகும் என்ற வாதமும் அங்கே உடைந்தது. படிக்க வரும் பெண்கள் கூடினால் பேராசிரியைகளும் கூடுவார்கள் என்பது கேட்க நியாயமாக இருக்கும். எம்.ஐ.டி.யில் முதல் பெண் மாணவி எலன் ஸ்வாலோ 1873இலேயே பட்டம் பெற்றவர். அதன்பின் நெடுங்காலம் மாணவியரின் எண்ணிக்கையை விடுதியின் கட்டில்களே தீர்மானித்தன. கட்டில் இல்லையென்றால் சேர்க்கை இல்லை. கேத்தரின் மெக்கார்மிக் என்ற பழைய மாணவி தன் பணத்தில் 1963இல் பெண்கள் விடுதி கட்டித் தந்த பிறகே வரத்து கூடியது. 1990களில் அறிவியல் புலத்தின் சில துறைகளில் இளநிலை மாணவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர்களில் மட்டும் அவர்கள் பங்கு பத்து, இருபது ஆண்டுகளாக 8 விழுக்காட்டுப் பக்கத்திலேயே நின்றது.

குழுவின் சுருக்க அறிக்கை 1999 மார்ச்சில் எம்.ஐ.டி.யின் ஆசிரியர் செய்திமடலில் வெளியானது. முன்னுரையில் வெஸ்ட், பாகுபாடு என்பது பாதி உண்மை, பாதி மனத்தோற்றம் என்று தான் எண்ணிவந்ததாகவும், உண்மையின் பங்கே மிகப் பெரியது என்று இப்போது புரிந்ததாகவும் எழுதினார். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தலைவர் வழக்கு, நீதிமன்றம் எதுவும் இல்லாமல் தானாக இப்படி ஒப்புக்கொண்டது அபூர்வம். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது.

கண்டனமும் வந்தது. குழுத் தலைவரே புகார் கொடுத்த ஹாப்கின்ஸ். சம்பள எண்கள் வெளியிடப்படவில்லை. இது எப்படி அறிவியல் ஆகும் என்று கேட்டார்கள். எண்கள் வெளியாகாதது உண்மையிலேயே குறைதான். ஆனால் பெண்கள் அவ்வளவு சிலராக இருக்கும்போது சராசரியைச் சொன்னாலே யாருடைய சம்பளம் என்று தெரிந்துவிடும். எம்.ஐ.டி.யின் மற்ற நான்கு புலங்களிலும் தனித்தனிக் குழுக்கள் ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தபோது அங்கேயும் ஒத்த போக்கே தெரிந்தது. அந்தக் கண்டனத்துக்கு அது போதுமான பதில் என்பது என் கருத்து.

அறிக்கை வெளிவருமுன்பே திருத்தம் தொடங்கிவிட்டது. பேராசிரியைகளின் சம்பளம் ஏற்றப்பட்டது. ஓய்வுபெற்ற சிலரின் ஓய்வூதியம்கூடச் சரிசெய்யப்பட்டது. ஹாப்கின்ஸின் ஆய்வகம் விரிந்தது. கேட்ட இடம் கிடைத்தபின் அவர் குழு செய்ததையும் சொல்ல வேண்டும்: ஜீப்ரா மீன் கரு வளர இன்றியமையாத 315 மரபணுக்களை அடையாளம் கண்டு 2004இல் வெளியிட்டார்கள். 200 சதுர அடியை மறுத்தவர்கள் தங்கள் நிறுவனத்துக்கே மறுக்கப் பார்த்தது அதைத்தான்.

ஹாப்கின்ஸ் பிறகு நியமனங்களை ஆண்டுவாரியாக வரைபடமாக்கிப் பார்த்தார். பெண்களின் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறவில்லை. இரண்டே தடவை துள்ளி ஏறியிருந்தது. 1970களின் தொடக்கத்தில், அரசிடம் பணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் பெண்களை நியமிக்கத் திட்டம் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயப்படுத்தியபோது ஒரு தடவை. 1996க்குப் பின், பர்ஜனோ ஒவ்வொரு துறைத் தலைவரையும் பட்டியலோடு வந்து பதில் சொல்லச் செய்தபோது இன்னொரு தடவை. மேலே இருப்பவர் கேட்பதை நிறுத்தியதும் கோடு படுத்துவிட்டது. நல்லெண்ணப் பயிலரங்குகளைவிட, ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் ஒரு டீன் அதிகம் சாதிப்பார் என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான்.

1999இல் அறிவியல் புலத்தில் 30 ஆக இருந்த பேராசிரியைகள் 2011இல் 52 ஆனார்கள். 2003இல் மரியா சூபர் அங்கே ஒரு துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணானார். கராச்சியில் வளர்ந்த நெர்கிஸ் மவல்வாலா, ஈர்ப்பலை ஆய்வில் உலகறிந்தவர், 2020இல் அந்தப் புலத்தின் டீன் ஆனார். ஆனால் எம்.ஐ.டி. 2011இல் வெளியிட்ட அறிக்கை புதிய சிக்கல்களையும் சொன்னது. எல்லாக் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற நல்ல விதி, சில பெண்களே இருந்ததால் அவர்கள் ஆராய்ச்சி நேரத்தைத் தின்றது. தரத்தைத் தளர்த்தித்தான் இவர்களைச் சேர்த்தார்கள் என்ற முணுமுணுப்பு, சாதித்தவர்களையும் துரத்தியது. குழந்தை பிறந்தால் நிரந்தரப் பணிக்கான கெடுவை நீட்டிக்கும் சலுகை மட்டும் வேறுவிதமாகப் போனது. ஆண்களும் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்க, அது பெண்களின் விஷயம் என்ற எண்ணம் மறைந்தது.

இனத்தைப் பற்றி இதே கேள்வியை எம்.ஐ.டி. தாமதமாகத்தான் கேட்டது. அதற்கான அறிக்கை 2010இல் வந்தது. இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2024 மே மாதம், பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்போர் பன்முகத்தன்மை பற்றிய தங்கள் கருத்தை எழுதித் தர வேண்டும் என்ற நடைமுறையை எம்.ஐ.டி. கைவிட்டது. அதற்காக எனக்குப் பெரிய வருத்தமில்லை. வருகிறவரிடம் நம்பிக்கையை எழுதி வாங்குவது ஒன்று, கொடுக்கிறவரிடம் கணக்கைக் கேட்பது வேறொன்று. 1994இல் நடந்தது இரண்டாவது.

வருத்தம் சேர்க்கைப் புள்ளிவிவரத்தில்தான். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அதற்குப்பின் எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் அணியில் கறுப்பின மாணவர்களின் பங்கு முந்தைய ஆண்டுகளின் 13 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. ஹிஸ்பானிய மாணவர்களுடையது 16இலிருந்து 11 ஆனது. பட்டம், முனைவர் பட்டம், அதற்கு மேற்பட்ட ஆய்வு என்று எண்ணிக்கொண்டே போனால், இந்த அணியில் இடம்பெறாதவர்கள் 2040 வாக்கில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டியவர்கள். அன்று பட்டியலைப் பார்த்து, தகுதியானவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்று ஒரு துறைத் தலைவர் சொல்வார்.