முயலின் அடியில் 5 ஓட்டைகள்!
முப்பரிமாண ஸ்கேனைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது?

அது ஒரு களிமண் முயல் பொம்மை. உயரம் ஏழரை அங்குலம். 1994-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த கிரெக் டர்க் என்பவர் அதைக் கடையில் வாங்கி வந்தார். அவரும் மார்க் லெவாய் என்பவரும் அதை 10 முறை ஸ்கேன் செய்தார்கள். பத்தையும் ஒன்றாக இணைத்ததும், கம்ப்யூட்டர் திரையில் ஒரு முயல் உட்கார்ந்தது. அதன் உடம்பு முழுவதும் 69,451 சின்னஞ்சிறு முக்கோணங்கள்!

கம்ப்யூட்டர் ஓவியம் படிப்பவர்கள் உலகெங்கும் அறிந்த முயல் அது. ஆனால் அதன் அடிப்பாகத்தில் 5 ஓட்டைகள் உண்டு. சில, ஸ்கேனரின் பார்வை எட்டாததால் விழுந்தவை. சில, உள்ளே கூடான அந்த மண் பொம்மையிலேயே இருந்தவை.

எதை அடைப்பது, எதை விடுவது? பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஸ்கேனைப் பழுது பார்க்க மென்பொருள் தேடுவோர் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஓட்டை விழுவது ஏன்?

ஒரு காலத்தில் ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்த இந்த வித்தை, இன்று வீட்டுக்கே வந்துவிட்டது. பொருளைச் சுற்றிச் சுற்றிச் செல்போனில் படம் எடுத்தால் போதும். அவற்றைச் சேர்த்து உருவமாக்கித் தரும் மென்பொருள்கள் உள்ளன. உடைந்த குமிழ், தொலைந்துபோன சதுரங்கக் காய், பாட்டி வைத்திருந்த கொலு பொம்மை என்று பலரும் ஆசையோடு ஸ்கேன் செய்கிறார்கள்.

ஆனால் முதல் முயற்சியில் கிடைப்பது பெரும்பாலும் அரைகுறை உருவமே. பளபளக்கும் எவர்சில்வரும் கண்ணாடியும் ஒளியைத் தாறுமாறாகத் திருப்புகின்றன. கறுப்புப் பொருள் ஒளியை விழுங்கிவிடுகிறது. இடுக்குகளில் ஓட்டை விழுகிறது. மேஜையும் பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தூசி போல வேண்டாத புள்ளிகள் மிதக்கின்றன.

காசில்லாமல் கிடைப்பவை

இவற்றைச் சரிசெய்ய விலை கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை.

இத்தாலி நாட்டில், பைசா நகரத்தில் உருவான 'மெஷ்லாப்' இலவசம். வேண்டாத துண்டுகளை நீக்க, முக்கோணங்களின் எண்ணிக்கையைக் குறைக்க, ஓட்டைகளை அடைக்க இது கைகொடுக்கும். பழகச் சற்றுப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு படியிலும் வேறு பெயரில் சேமித்துக்கொண்டே போவது புத்திசாலித்தனம்.

2002-ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட 'பிளெண்டர்' மென்பொருளும் இலவசமே. களிமண்ணைத் தடவித் திருத்துவதுபோல, திரையில் உருவத்தைத் தடவித் திருத்தலாம். சிலை, பொம்மை வேலைக்கு ஏற்றது.

'மெஷ்மிக்சர்' சுலபமானது என்று பெயர் வாங்கியது. ஆனால் அதை மேம்படுத்தும் பணி நின்றுவிட்டது. புதிதாகப் பழகுவோர் அதையே நம்பியிருக்க வேண்டாம்.

தோல் போர்த்தும் கணக்கு

'பாய்சான்' என்றொரு முறை 2006-ல் வந்தது. புள்ளிகளின் மேல் ஒரே தோலைப் போர்த்துவது போன்ற கணக்கு அது. எல்லா ஓட்டையும் மூடிவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும்.

ஆபத்தும் அங்கேதான். புள்ளியே இல்லாத இடத்தில், 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று அது ஊகிக்கிறது. குமிழில் தண்டு நுழைய வேண்டிய துளையையும் மூடிவிடலாம். கூரான விளிம்பை மழுக்கிவிடலாம். அளவுக்கு மேல் வழவழப்பாக்கினால், கொலு பொம்மையின் கண்ணும் புருவமும் அழிந்துபோகும். உடைந்த பொம்மைக்கு அந்த ஸ்கேன் ஒன்றே மிச்சம் என்றால், அந்த முகம் போனது போனதுதான்!

ஆகவே, ஸ்கேனர் தந்த முதல் கோப்பின்மேல் கை வைக்கக் கூடாது. அதைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி

திருத்திய உருவம் முதல் ஸ்கேனிலிருந்து எங்கே, எவ்வளவு விலகியது என்பதை வண்ணம் பூசிக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. பெயர் 'கிளவுட்கம்பேர்'. அதுவும் இலவசம். வண்ணம் மாறிய இடத்தில் கம்ப்யூட்டரின் கற்பனை புகுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணி, அளவு. பிரிண்டருக்கு அனுப்பப் பலரும் பயன்படுத்தும் 'எஸ்.டி.எல்.' கோப்பில் எண் இருக்கும். மில்லிமீட்டரா, அங்குலமா என்பது இருக்காது. மாற்றிப் புரிந்துகொண்டால் 25.4 மடங்கு வித்தியாசம்! உண்மைப் பொருளின் ஓர் அளவையாவது கையால் எடுத்து ஒப்பிட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அலமாரியில் வைக்கும் உருவம் என்றால் பிளெண்டர் போதும். புள்ளிகளைச் சுத்தம் செய்ய மெஷ்லாப். இயந்திரத்தில் பொருந்த வேண்டிய பாகம் என்றால், ஸ்கேனைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, அளந்த அளவுகளின்படி புதிதாக வரைவதே மேல். பல வேளைகளில் அதுவே சீக்கிரமும் முடியும்.

விலை உயர்ந்த மென்பொருளை வாங்கத் துடிப்போர், அதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில், பளபளப்பின் மேல் லேசாகப் பவுடர் தூவி, இன்னொரு முறை நிதானமாக ஸ்கேன் எடுக்கலாம். பாதிப் பழுது அதிலேயே தீர்ந்துவிடும். அதற்குச் செலவு, கொஞ்சம் பவுடரும் அரை மணி நேரமும்தான்.