மெசின் வாங்க முன்னர் கடை தயாரா?

கனடாவின் மல்வேர்னிலோ அதை அண்டிய ஸ்காபரோ தெருக்களிலோ கார்ட் மெசின் இல்லாத தமிழ்க் கடையை இனித் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பல கடைகளில் சரக்குக் கணக்கு இன்னும் கொப்பியில்தான் இருக்கிறது. பாக்கி விவரம் முதலாளியின் ஞாபகத்தில். வியாபாரம் டிஜிட்டலுக்கு மாறுவது இந்த இடத்தில்தான் இடறுகிறது.

கனடிய மத்திய அரசு இதை உணர்ந்தே 2021 வரவு செலவுத் திட்டத்தில் 400 கோடி டொலர் அறிவித்து, 2022 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் விற்க விரும்பிய சிறு கடைக்கு 2,400 டொலர் வரை கிடைத்தது. அதைவிடப் பெரிய நிறுவனம் முதலில் ஓர் ஆலோசகரோடு இருந்து மாற்றத் திட்டம் எழுத வேண்டியிருந்தது. அந்தச் செலவில் 90 வீதத்தை, 15,000 டொலர் வரை, அரசு தந்தது. திட்டம் கையில் வந்த பிறகே வணிக மேம்பாட்டு வங்கியின் வட்டியில்லாக் கடன் கிடைத்தது. இந்த வரிசை மிகச் சரியானது என்பேன்.

ஏன் என்பதை ஒரு பலசரக்குக் கடையில் பார்க்கலாம். முருங்கைக்காய் எடைக்கு, கீரை பிடிக்கு, தோசை மா கடையிலேயே அரைத்தது. எதிலும் பார்கோட் இல்லை. இவற்றைத் தனித்தனியாகப் பதியாவிட்டால், கல்லாவில் நிற்பவர் எல்லாவற்றுக்கும் 'மரக்கறி' என்ற ஒரே பட்டனை அழுத்துவார். இரவில் மொத்தக் காசு சரியாக வரும். எது விற்றது, எது வாடியது என்பது மட்டும் தெரியாது. மறுநாள் கொள்முதல் பழையபடி குத்துமதிப்புத்தான். மாதாமாதம் மென்பொருளுக்குக் கட்டும் காசால் ஒரு பிடி கீரைகூட மிச்சமாகாது. எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த முதலாளியின் மகள் பல்கலைக்கழகம் போய்விட்டால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை, ரொஜர்ஸ் தொலைத்தொடர்பு வலையமைப்பு முடங்கி இன்டராக் டெபிட் கார்ட் சேவை நின்றபோது நாடெங்கும் பல கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கின. மாற்று இணைய இணைப்பும் தயார்நிலையின் ஒரு பகுதி என்பதை அன்று பலர் உணர்ந்தார்கள்.

அரசுத் திட்டத்தில் பெரிய நிறுவனங்களுக்கான பிரிவு 2024 பெப்ரவரியிலும், மற்றது அதே ஆண்டு செப்டெம்பரிலும் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டன. ஆனாலும் பொருள் பட்டியல் எழுதவும், ஊழியர் இருவரைப் பழக்கவும் மானியம் தேவையில்லை. மென்பொருள் விற்க வருபவரிடம் கையெழுத்துப் போட முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இணையம் நின்றால் கல்லா ஓடுமா? விலகிப் போனால் என் கணக்கை எக்செல் கோப்பாகத் தருவீர்களா? சனிக்கிழமை மாலை கோளாறு வந்தால் போனை எடுப்பது யார்?