குடை இலவசம்! குளிர்பெட்டியும் இலவசம்!

பன்னாட்டுக் கம்பெனி நம் ஊர்க் கடைக்கு வந்த கதை

நல்ல உச்சி வெயில். முள்ளுக்குறிச்சியில் பஸ்சை விட்டு இறங்கினோம்.

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் தாலுகாவில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். மேலே மலை பச்சைப் பசேல் என்று நிற்கிறது. கீழே தார் ரோடு கொதிக்கிறது. நாக்கு வறண்டது. எதிரே ஒரு பெட்டிக்கடை. நேரே அங்கே போனோம்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் தம் சின்ன மகளைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, பன்னீர் சோடா இருக்குங்களா?" என்று கேட்டார் அவர்.

"இருக்குதுங்க. ஆனா சில்லுனு இருக்காது. வெளியிலதான் வெச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

"இத்தனை பெரிய குளிர்பெட்டி நிக்குதே! அதுக்குள்ள வெச்சா என்னங்க?"

கடைக்காரர் சிரித்தார். "பெட்டி நம்முளது இல்லீங்க. கம்பெனிக்காரங்க சும்மா குடுத்தது. அவங்க சரக்கை மட்டுந்தான் வெக்கோணும். கரண்டு பில்லு மட்டும் நம்முளது!"

சிறுமிக்கு இதெல்லாம் புரியுமா? அவளுக்கு வேண்டியது சில்லென்று ஒன்று. கண்ணாடிக் கதவு திறந்தது. கம்பெனி பாட்டில் ஒன்று வெளியே வந்தது. வாசலில் இருந்த பன்னீர் சோடா வெயிலிலேயே நின்றது. பக்கத்திலே கூடையில் மலை அன்னாசிப் பழங்களும் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன.

சின்ன விஷயம்தான். ஆனால் உலக வியாபாரத்தின் பெரிய சூட்சுமம் இந்தச் சின்ன விஷயத்துக்குள் இருக்கிறது. அது எப்படி? கேளுங்கள்.

பன்னாட்டுக் கம்பெனி என்றால் என்ன?

ஒரு நாட்டில் தலைமை ஆபீஸ் இருக்கும். பல நாடுகளில் ஆலைகளும் வியாபாரமும் இருக்கும். இப்படிப்பட்ட கம்பெனியைத்தான் பன்னாட்டுக் கம்பெனி என்கிறார்கள்.

இத்தகைய கம்பெனிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஒரு நாட்டில் நஷ்டம் வந்தால், இன்னொரு நாட்டு லாபத்தைக் கொண்டு ஈடுகட்டிக்கொள்ளலாம். நம் ஊர் சோடாக்காரரால் அது முடியுமா? அவருக்கு இருப்பது ஒரே ஊர். ஒரு கோடையில் நஷ்டம் என்றால் அடுத்த கோடைக்கு அவர் கடை இருக்காது.

இந்தப் பலத்தை எப்படிப் பிரயோகிப்பது என்பதைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டது.

தூத்துக்குடியில் நடந்தது என்ன?

அது 1906ஆம் ஆண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்பது அதன் பெயர்.

"நம் கடலில் நம் கப்பல் ஓட வேண்டும்" என்று எண்ணினார் வ.உ.சிதம்பரனார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். 1907ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஜனங்கள் சுதேசிக் கப்பலிலேயே ஏறினார்கள்.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை மளமளவென்று குறைத்தது. ஆளுக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு வேலை செய்தது.

"கப்பலில் இலவசமாக ஏறுங்கள். ஏறினால் ஒரு குடையும் இலவசம்!" என்றது.

பல கடல்களில் கப்பல் ஓட்டிய கம்பெனி அது. தூத்துக்குடியில் சில மாதம் சும்மா ஓட்டினால் அதற்குப் பெரிய சேதம் இல்லை. சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ சிறிய முதல், இரண்டே கப்பல்.

அதோடு சர்க்காரின் அடக்குமுறையும் சேர்ந்துகொண்டது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

குடை வாங்கியவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஏழைக்கு ஒரு குடை பெரிய காரியம். ஆனால் போட்டிக் கப்பல் போன பிறகு கடலில் யார் ராஜா? கட்டணம் எவ்வளவு என்று சொல்வது யார்? இதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

அன்றைய குடைதான் இன்று குளிர்பெட்டியாக வந்து நிற்கிறது.

வந்தது, போனது, திரும்பி வந்தது

இனி பானத்தின் கதைக்கு வருவோம்.

கோகா-கோலா 1886ல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் பிறந்தது. அதைக் கலந்து தயாரித்தவர் பெம்பர்டன் என்ற மருந்து வியாபாரி. இந்தியாவில் அதன் முதல் ஆலை 1950ல் டில்லியில் தொடங்கியது.

1973ல் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே உள்ள தன் தொழிலில் 40 சதவீதப் பங்குக்கு மேல் வைத்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. பானத்தின் ரகசியப் பக்குவத்தையும் இந்தியர்களுக்குச் சொல்லும்படி சர்க்கார் கேட்டது. கோகா-கோலா மறுத்தது. 1977ல் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது. அப்போது தொழில் மந்திரியாக இருந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ்.

காலி இடம் சும்மா கிடக்குமா? சர்க்கார் கம்பெனியே "டபுள் செவன்" என்ற பானத்தைக் கொண்டு வந்தது. பார்லே கம்பெனி "தம்ஸ் அப்" கொண்டு வந்தது. "காம்பா கோலா" வந்தது. அடுத்த பல ஆண்டுகள் உள்நாட்டுப் பானங்களின் காலம்.

1990ல் பெப்சி நுழைந்தது. 1991ல் மத்திய சர்க்கார் பொருளாதாரக் கதவுகளை அகலத் திறந்தது. 1993 அக்டோபரில் ஆக்ரா நகரில் கோகா-கோலா மறுபடி கால் வைத்தது.

இந்தத் தடவை அது என்ன செய்தது தெரியுமா? போட்டியாளரையே விலைக்கு வாங்கியது! தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட், சிட்ரா, மாஸா என்று பார்லேயின் ஐந்து பெயர்களும் ஒரே கையெழுத்தில் கைமாறின.

கோல்டு ஸ்பாட் நினைவிருக்கிறதா? நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கல்யாண வீடுகளில் குடித்த கதையைச் சொல்வார்கள். வாங்கிய சில ஆண்டுகளுக்குள் அது கடைகளிலிருந்தே மறைந்துவிட்டது.

ஆனால் தம்ஸ் அப் மறையவில்லை. ஜனங்கள் விடவில்லை. அமெரிக்கப் பானத்தை விட அதையே அதிகம் கேட்டார்கள். 2021ல் தம்ஸ் அப்பின் இந்திய விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டது. பெயர் நம்முடையது, ருசி நம்முடையது, சொந்தக்காரர் மட்டும் வேறு!

விருதுநகர் தந்த பானம்

எல்லோரும் விற்றுவிட்டார்களா? இல்லை.

1916ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே.பழனியப்ப நாடார் காளிமார்க் கம்பெனியைத் தொடங்கினார். அதன் பொவொண்டோ 1950களின் கடைசியில் பிறந்தது. கோகா-கோலா போனதையும் பார்த்தது, வந்ததையும் பார்த்தது. இன்றும் தமிழ்நாட்டுக் கடைகளில் இருக்கிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் திரண்டார்கள். வெளிநாட்டுப் பானங்கள் வேண்டாம் என்ற குரலும் அங்கே எழுந்தது. அதன் பிறகு, மார்ச் 1 முதல் அந்தப் பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டின் இரண்டு பெரிய வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உள்ளூர்ப் பானங்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது.

பிறகு என்ன ஆயிற்று? இன்று அந்தப் பாட்டில்கள் மறுபடியும் கடைகளில் இருக்கின்றன. கோபம் ஒரு கோடை தாங்கும். குளிர்பெட்டியோ வருடம் முழுவதும் கடையில் நிற்கிறது!

அவர்களால் நன்மையே இல்லையா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகள் வந்ததால் ஆலைகள் வந்தன, வேலை கிடைத்தது. இந்தியாவில் பெப்சியின் பெரும்பகுதியைப் பாட்டிலில் அடைப்பது வருண் பெவரேஜஸ் என்ற இந்தியக் கம்பெனிதான். ஒரே தரம், ஒரே அளவு என்ற பழக்கமும் பரவியது. உள்ளூர்ச் சரக்கு என்பதற்காகவே அது சுத்தமானது ஆகிவிடாது.

நம்மவர்களிடம் பெரிய கம்பெனிகள் பாடம் கற்றதும் உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன், பொருள்களைச் சின்னச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்றால் ஏழையும் வாங்குவான் என்றார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாய் முதலில் "சிக்" ஷாம்புவைத் தொடங்கினார். இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் ஷாம்புப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பன்னாட்டுக் கம்பெனிகளின் ஷாம்புகளும் அந்தச் சரத்தில்தான் தொங்குகின்றன!

ஆக, நம்மவர்களுக்கு மூளை குறைவில்லை. ஓட்டப் பந்தயத்தில் இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டும். அதுதான் கேள்வி.

ஐந்தில் ஒரு பங்கு இடம்

ஐரோப்பாவிலும் இதே குளிர்பெட்டித் தகராறு எழுந்தது. ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. 2005ல் கோகா-கோலா ஓர் உறுதி கொடுத்தது.

கடையில் வேறு குளிர்பெட்டி இல்லாமல், கம்பெனி கொடுத்த இலவசப் பெட்டி மட்டும் இருந்தால், அதில் குறைந்தது 20 சதவீத இடத்தில் கடைக்காரர் தம் இஷ்டப்படி எந்தச் சரக்கையும் வைக்கலாம். இதுதான் உறுதி. 2010 முடிய அதற்குக் கெடு.

ஐந்து தட்டில் ஒரு தட்டு! முள்ளுக்குறிச்சிக் கடையில் அந்த ஒரு தட்டு இருந்திருந்தால், பன்னீர் சோடாவும் சில்லென்று இருந்திருக்கும். எது வேண்டும் என்று அந்தச் சிறுமியே தீர்மானித்திருப்பாள்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அது. சந்தையில் ஆதிக்கம் பெற்ற கம்பெனி, போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கத்துக்கும் குறைவான விலையில் விற்கக் கூடாது. இந்த விதி 2009ல் அமலுக்கு வந்தது. இந்தியப் போட்டி ஆணையத்திடம் யாரும் தகவல் கொடுக்கலாம்.

வெளிநாட்டுப் பணம் மட்டும்தானா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடை கொடுக்கும் வித்தை வெளிநாட்டானுக்கு மட்டும் சொந்தமல்ல.

2022ல் ரிலையன்ஸ் கம்பெனி பழைய காம்பா என்ற பெயரை வாங்கியது. 2023ல் மீண்டும் சந்தைக்குக் கொண்டு வந்தது. சின்ன பாட்டில் 10 ரூபாய் என்றது. அமெரிக்கக் கம்பெனிகளே விலையைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. குடிப்பவருக்கு லாபம்தான். ஆனால் 10 ரூபாய்ப் போட்டியில் ஊர் சோடாக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

யானைகள் இரண்டு மோதினால் நசுங்குவது புல். யானை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதா புல்லுக்கு முக்கியம்?

நாம் என்ன செய்யலாம்?

எதையும் குடிக்காதே என்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று விஷயம் செய்தால் போதும்.

முதலாவது, கடையில் ஊர்ச் சரக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வாங்கி வைப்பார்.

இரண்டாவது, எந்தப் பாட்டிலானாலும் லேபிளைப் பாருங்கள். 14 இலக்கம் கொண்ட உணவு லைசென்ஸ் எண்ணும், தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்க்காரர் என்பதற்காக இதில் சலுகை வேண்டாம்.

மூன்றாவது, எதையாவது இலவசம் என்று கொடுத்தால், "இதற்கு விலை கொடுப்பது யார்?" என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

நாங்கள் வெளியே இருந்த பன்னீர் சோடாவையே வாங்கிக் குடித்தோம். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ருசிக்குக் குறைவில்லை.

"கம்பெனிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே?" என்று கேட்டோம்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "அது எப்படிங்க? அதனாலதான் நாலு பேர் கடைக்கு வராங்க. அதுவும் இருக்கட்டும். அடுத்த கோடைக்குள்ள நானே சின்னதா ஒரு ஐஸ் பெட்டி வாங்கிப் போடறேனுங்க. அதுல எஞ் சரக்கை வெக்க ஆரைக் கேக்கோணும்?"

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கடையில் கூட்டம் கூடியது. சோடாப் பாட்டில்களின் மேல் அவர் ஓர் ஈரச் சாக்கை எடுத்துப் போர்த்தினார். ஐஸ் பெட்டி வரும் வரையில் அதற்கு அதுதான் குடை!