கரண்டி யார் கையில்? ஜூனியர் வக்கீலின் முதல் 3 வருஷம் எப்படி இயங்குகிறது

"மேடம், ரெண்டு வருஷமா நான் காய்தான் நறுக்கிட்டிருக்கேன்" என்றாள் அந்தப் பெண். தம்புச் செட்டித் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் எழுதிய எதிர்வாதுரையை வைத்து அன்று காலை அவளுடைய சீனியர் ஒரு தடையுத்தரவை உடைத்திருந்தார். அவள் பின்வரிசையில் வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

"கடைசியா எப்போ எழுந்து நின்னு பேசினே?"

"பாஸ் ஓவர் கேட்டது கணக்கா மேடம்?"

காய் நறுக்குவது என்று அவள் சொன்னதும் எனக்கு என் தாய்மாமா நினைவுக்கு வந்தார். கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் மாஸ்டர். கோடை விடுமுறையில் அவருடைய சமையல்கட்டில் திரிந்து வளர்ந்தவள் நான். வக்கீல் சேம்பர் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால், சட்டக் கல்லூரியில் படித்ததைவிட அந்தக் கோட்டை அடுப்புதான் எனக்கு முதலில் நினைவில் வருகிறது.

பெண்களுக்குப் புத்தி சொல்ல சமையலறைதான் கிடைத்ததா என்று முறைக்க வேண்டாம். நான் சொல்வது மண்டபத்துச் சமையல்கட்டு. வீட்டில் அடுப்பு பெண்ணுடையது. கூலியும் பேரும் வருகிற மண்டபத்தில் அது ஆணுடையதாகிவிடும். மாமாவிடம் 8 பெண்கள் வேலை செய்தார்கள். வெங்காயம், தேங்காய், அண்டா கழுவுவது எல்லாம் அவர்கள் பாடு. கரண்டி மட்டும் அவர்கள் கைக்குப் போனதில்லை. நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். தமயந்தி பாகம் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் திறந்தது 1892இல். அதே வருஷம் கார்னீலியா சொராப்ஜி ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வர ஏறக்குறைய 30 வருஷம் ஆனது. 1916இல் ரெஜினா குஹா கல்கத்தாவில் வக்கீலாகப் பதிவுசெய்யக் கேட்டபோது, பெண்ணுக்கு இடமில்லை என்று உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 1923இல் தனிச் சட்டம் வந்துதான் கதவு திறந்தது. இன்று சட்டக் கல்லூரி வகுப்பில் பெண்களுக்குக் குறைவில்லை. கதவைத் தாண்டி உள்ளே வந்தவர்களை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் இப்போதைய விவகாரம்.

பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். சட்டத்தில் உள்ள இந்தத் தொகைக்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2 வருஷத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும். புடவைமேல் கறுப்புக் கோட்டு போட்டு, வெள்ளைப் பட்டை கட்டியாயிற்று. இனி சமையல்கட்டு.

மாமா முதலில் நுழைவது அடுப்பங்கரைக்கு அல்ல, உக்கிராண அறைக்கு. பெண் வீட்டார் வாங்கிப் போட்ட சாமானை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். பருப்பை விரலால் நசுக்குவார், புளியை முகர்வார். "லிஸ்ட்ல இருக்கறது வேற, மூட்டையில இருக்கறது வேற" என்பார். கட்சிக்காரர் வாயால் சொல்வதுதான் லிஸ்ட். அவர் மஞ்சள் பையில் கொண்டுவரும் காகிதங்கள்தான் மூட்டை. ஜூனியரின் முதல் வேலை அந்தப் பையைப் பிரிப்பது. பத்திரத்தில் தேதி என்ன, வில்லங்கச் சான்று எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது, தபால் ஒப்புகை அட்டையில் கையெழுத்து யாருடையது? இதைச் சீனியர் பார்க்க மாட்டார், அவருக்கு நேரமில்லை. பார்ப்பவள் நீ என்பதால்தான் வழக்கில் உனக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

அடுத்தது பதம். இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிது. 2012 என்று நினைவு. செக் கேஸ் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். பணமில்லை என்று பேங்க் திருப்பிய செக், கூடவே மெமோ. நோட்டீஸ் எழுதச் சொன்னார் சீனியர். என் பெயரில் போகிற முதல் நோட்டீஸ் ஆயிற்றே! எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ஆங்கிலம் மின்ன வேண்டும் என்று 4 நாள் செதுக்கினேன். தபாலில் சேர்த்தபோது, செக் திரும்பிய தகவல் கட்சிக்காரருக்குக் கிடைத்து 32 நாள் ஆகியிருந்தது. சட்டம் கொடுப்பது 30 நாள். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பிறகு, பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழியும் இல்லை. செக்கை மறுபடி பேங்கில் போடலாமே என்றால், செக்கின் ஆயுளை 6 மாதத்திலிருந்து 3 மாதமாக அப்போதுதான் குறைத்திருந்தார்கள்; அதுவும் முடிந்துபோயிருந்தது. கிரிமினல் வழக்கு போயிற்று. பணத்துக்கு சிவில் தாவா மட்டும் போட முடிந்தது. சீனியர் கத்தவில்லை. "கேரட்டைப் பூ மாதிரி வெட்டிட்டிருந்தே, சாதம் குழைஞ்சு போச்சு" என்றார். அவருக்கு என் மாமாவைத் தெரியாது, தானாகவே சொன்னார்.

அன்றிலிருந்து எந்தக் கட்டு கைக்கு வந்தாலும் நான் முதலில் எழுதுவது கடைசி நாள் எது என்பதைத்தான். சிவில் வழக்கில் எதிர்வாதுரைக்கு 30 நாள், நீதிமன்றம் நீட்டினால் 90. உயர் நீதிமன்றத்துக்கு முதல் மேல்முறையீடு என்றால் 90 நாள், மாவட்ட நீதிமன்றத்துக்கு 30. தீர்ப்பு நகலுக்குக் காத்திருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் கழியும். அதனால் தீர்ப்பு வந்த அன்றே காப்பி அப்ளிகேஷன் போட்டுவிடு. மேலட்டையில் சிவப்பு மையில் அந்தத் தேதி இருக்கட்டும்.

நறுக்கு வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பிராது எழுதத் தெரியாதவர் பேசிக் கிழிக்க முடியாது. ஆனால் எழுதிய காகிதம் பிறகு எங்கே போகிறது என்று உடன் போய்ப் பார்க்க வேண்டும். தாக்கல் செய்ததும் வழக்குக்கு உண்மையான எண் வந்துவிடாது, எஸ்.ஆர். எண் என்று ஒன்றைத் தருவார்கள். பிரிவு அலுவலர் உப்புப் பார்ப்பார். பக்க எண் தவறு, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை, நீதிமன்றக் கட்டணம் போதவில்லை என்று ரிட்டர்ன் போடுவார். சரிசெய்து மறுபடி தாக்கல் செய்த பிறகுதான் எண். இதையெல்லாம் குமாஸ்தாவிடம் விட்டுவிடுகிற பெண்கள் அதிகம். அந்தப் பிரிவில் ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், போகப் பிடிக்காது, புரிகிறது. இருந்தாலும் முதல் வருஷத்தில் 10 ரிட்டர்னையாவது நீயே சரிசெய். எங்கள் குமாஸ்தா ஒருவரிடம் நான் கற்ற நடைமுறைச் சட்டம் எந்தப் பேராசிரியரிடமும் கற்றதில்லை.

இனி பந்தி. முந்தின நாள் சாயங்காலம் வழக்குப் பட்டியல் வரும். எந்த ஹால், எத்தனையாவது ஐட்டம் என்று இருக்கும். சீனியருக்கு ஒரே நேரத்தில் 3 ஹாலில் வழக்கு. அவர் வரும்வரை நீதிபதியிடம் நேரம் கேட்க ஜூனியர் எழுந்து நிற்பதுதான் பாஸ் ஓவர். "சாம்பார் வந்துட்டிருக்கு, இலையில உக்காருங்க" என்பது மாதிரி. அது போதும் என்று பழகிவிட்டால் ஆயுள் முழுக்க அதுதான். சில நீதிபதிகள், "நீங்களே சொல்லுங்களேன், கவுன்சல்" என்பார்கள். அந்த நொடிக்குத்தான் நீ கட்டைப் படித்திருக்க வேண்டும். ஒரே ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்: தேதிகள், சட்டப் பிரிவு, இன்று நமக்கு என்ன உத்தரவு வேண்டும். சீனியரைவிடத் தேதிகள் உனக்குத்தான் நன்றாகத் தெரியும், மூட்டையைப் பிரித்தவள் நீ.

"என்ன கேட்கலாம் சீனியர்கிட்ட?" என்றாள் அந்தப் பெண். வாய்ப்பு கொடுங்கள் சார் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத் தலையாட்டுவார். பெயர் சொல்லிக் கேள் என்றேன். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்று. பேங்க் அதிகாரி, சார்பதிவாளர் மாதிரி ஆவணத்தை நிரூபிக்க மட்டும் வருகிற சாட்சியின் விசாரணை ஒன்று. இவற்றில் கெட்டுப்போக அதிகம் இல்லை, சீனியர் தைரியமாகத் தருவார். முதல் 2 வருஷம் உயர் நீதிமன்ற ரிட் மனுக்களைவிட, அதே வளாகத்தில் இருக்கும் சிட்டி சிவில் கோர்ட் மேல். சாட்சிக் கூண்டு இருக்கும் இடத்தில்தான் குரல் உடையும். இது என் கட்சி, மறுப்பவர்கள் உண்டு.

குடும்ப நீதிமன்ற வழக்குகள் உன் மேஜையில் மட்டும் குவிகின்றனவா என்றும் பார்த்துக்கொள். "பொம்பளைங்க கேஸ், நீயே பார்த்துக்கோம்மா" என்பார்கள். அது கடினமான, மரியாதையான தொழில். நீ தேர்ந்தெடுத்தால் சரி, பாயசக் கரண்டியை மட்டும் கையில் கொடுத்து ஓரமாக நிறுத்தினால் சரியில்லை.

வக்காலத்தில் உன் பெயர் இருக்கிறதா? அவள் பதில் சொல்லவில்லை. இருக்க வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத 3 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்தது. 2002இல் எடுத்துவிட்ட நிபந்தனை அது. பார் தேர்வு தேறுவதற்கு முந்தைய தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு, ஆனால் 10 வருஷ அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும், நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். சட்ட உதவி ஆணையத்தின் வக்கீல் பட்டியலில் சேரவும் பொதுவாக 3 வருஷம் கேட்பார்கள். வக்காலத்திலும் உத்தரவிலும் பெயரே இல்லாமல் காய் நறுக்கிய 3 வருஷத்துக்குச் சாட்சி யார்?

கூலி பற்றிப் பேசக் கூச்சப்படாதே. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சேம்பரிலும் அது நடக்கவில்லை என்பது பாரிமுனையில் டீ குடிக்கிற யாருக்கும் தெரியும். சேர்வதற்கு முன்பே கேட்டுவிடு. மாமா முன்பணம் வாங்காமல் அடுப்புக்குக் கல் கூட்டியதே இல்லை.

சொல்லாமல் விடக் கூடாதது ராத்திரி. கட்சிக்காரர்கள் சேம்பருக்கு வருவது 7 மணிக்கு மேல். பெண் ஜூனியர் கடற்கரை ஸ்டேஷனில் ரயில் பிடிக்க ஓடுகிற நேரம் அது. 9 மணிவரை உட்கார்ந்திருக்கும் பையன் கையில் புதுக் கட்டு போகிறது. யாரும் திட்டம்போட்டுச் செய்வதில்லை, அப்படி நடந்துவிடுகிறது. காலை 8 மணிக்குக் கட்சிக்காரரை வரச்சொல்லும்படி நான் கேட்டேன், இரண்டு சீனியர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை, நான் சேம்பர் மாறினேன். கை நீள்கிற இடமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 10 பேருக்குக் குறைவான வேலையிடங்களுக்காக மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு, 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைப்பேறு சமயத்தில் இந்தத் தொழிலில் சம்பளத்தோடு விடுப்பு தர ஆளில்லை. என் மகள் பிறந்தபோது எல்லாக் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு 2 மட்டும் வைத்துக்கொண்டேன். வாய்தாவுக்குத் தோழி போவாள், மனு நான் எழுதுவேன். மாமா பந்தி முடிந்த பிறகும் அடுப்பில் கங்குகளை மூடிவைப்பார், மறுநாள் விடிகாலை காப்பிக்குப் புதிதாக மூட்ட வேண்டாமே என்று.

அன்று ராத்திரி 10 மணிக்கு அந்தப் பெண் போன் செய்தாள்.

"மேடம், நாளைக்கு எங்களுக்கு 37வது ஐட்டம். சார் மதுரை போறார். பாஸ் ஓவர் கேட்டு, முடியலேன்னா வாய்தா வாங்கச் சொல்லியிருக்கார்."

"நானே பேசட்டுமான்னு கேட்டியா?"

"கேட்டேன். 'முடியுமா உன்னால'ன்னார். முடியும்னேன். 'சரி'ன்னுட்டார்."

"கட்டு எங்க?"

"எதிர்லதான் இருக்கு. 146 பக்கம்."

"போனை வை. படி."

வைத்துவிட்டாள்.