கொழுப்பு சொல்லும் கணக்கு

பத்து லிட்டர் பசும்பாலைத் தராசில் வைத்தால் பத்தேகால் கிலோவுக்கு மேல் நிற்கும். அதில் ஒன்பது கிலோ தண்ணீர். கொழுப்பு, புரதம், பால்சர்க்கரை, உப்புகள் எல்லாம் மிச்சமுள்ள ஒன்றேகால் கிலோவுக்குள் அடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அகன்ற சட்டியில் விடாமல் கிண்டிக்கொண்டிருப்பவர், அந்தத் தண்ணீரை ஆவியாக விரட்டிக்கொண்டிருக்கிறார். சர்க்கரையும் சேர்ந்து இறுகி வரும்போது ஏறத்தாழ 3 கிலோ பால்கோவா தேறும்.

ஆக, பாலை வாங்குகிறவருக்கு வேண்டியது அந்தத் திடப்பொருள். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் லிட்டர் கணக்கில் மட்டும் வாங்கினால், கெட்டிப்பால் ஊற்றியவருக்கும் தண்ணீர் கலந்தவருக்கும் ஒரே காசு.

பால்மானியை முக்கிப் பார்த்தால் போதாதா? போதாது. தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும். பால்மானி ஆழ இறங்கிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். பாதி ஏட்டை எடுத்து, அளவாகத் தண்ணீர் ஊற்றினால் பால்மானி பழைய இடத்திலேயே நிற்கும்! இதன் மறுபக்கம்தான் கொடுமை: மற்ற சத்துகள் சமமாக இருக்கும் இரண்டு பாலில், கொழுப்பு மிகுந்த நல்ல பால்தான் பால்மானியில் தாழ்ந்து காட்டும். நேர்மையாக ஊற்றியவர் சந்தேகத்துக்கு ஆளாவார்.

இந்த முடிச்சை 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் அவிழ்த்தார். காப்புரிமைகூட வாங்காமல் ஊருக்குக் கொடுத்தார். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கெர்பர் கண்ட முறைதான் நம் பால் சொசைட்டிகளுக்கு வந்தது. கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் மெல்ல 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குழாய் கை சுடும்; பால் கருஞ்சிவப்பாகிவிடும். புரதத்தை அமிலம் கரைத்துவிட, கொழுப்பு தனியே விடுபடுகிறது. சுழற்றும் எந்திரத்தில் வைத்து எடுத்தால், கழுத்தில் இளமஞ்சளாக ஒரு பட்டை நிற்கும். கோடுகளை எண்ணிப் படித்தால் அதுவே கொழுப்பின் சதவீதம். இப்போது பல இடங்களில் மின்னணு எந்திரம் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. கொழுப்பு, கொழுப்பில்லாத திடப்பொருள் என்ற இரண்டு எண்களை வைத்து விலை போடுகிறார்கள்.

பக்கத்து ராஜபாளையத்தின் கதை வேறு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய ஊர். பருத்தியிலும் இதே கணக்குதான்: கொட்டை நீக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்கே பஞ்சு. இழையின் நீளம், வலு எல்லாம் மில்லின் சோதனைக் கூடத்தில் துல்லியமாகத் தெரியும். அதற்குள் விவசாயி கண்பார்வைக்குக் கிடைத்த விலையை வாங்கிக்கொண்டு வீடு போயிருப்பார். அளவு எடுப்பது யார் கண்முன் என்பதில்தான் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. (கொட்டை மட்டும் ஊருக்குள்ளேயே சுற்றி மாட்டுத் தொட்டிக்கு வந்துவிடும், பாலில் கொழுப்பு ஏற அது நல்ல தீனி.)

மறுபாதி, நேரம். பருத்தியை விலை ஏறட்டும் என்று வீட்டில் போட்டு வைக்கலாம். பீச்சிய பால் நம் ஊர் வெயிலில் சில மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். பேரம் பேச அவகாசம் கிடையாது. குளிரூட்டும் தொட்டி 4 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கிருமிகளைத் தூங்க வைக்கிறது. பால்கோவா வேறு வழியில் போகிறது: தண்ணீர் வற்றி, மிச்ச ஈரத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமி பெருக இடமில்லை. ஆயுள் மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்கு மாறுகிறது. அந்தக் கூடுதல் நாள்களின் லாபம் சட்டி வைத்திருப்பவருக்கே முதலில் சேரும். சட்டி பால் கூட்டுறவுச் சங்கத்துடையதாக இருந்தால், பால் ஊற்றியவரும் அதில் பங்காளி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கிண்டியதை அந்தப் பெயரில் விற்க முடியாதபடி அது தடுக்கும். பெயர் காக்கப்பட்டதே தவிர, பால் விலை பற்றிப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய், எருமைப்பாலுக்கு 44 ரூபாய் என்று உயர்ந்தது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. தீவன விலையும் சும்மா இருக்கவில்லை.

பால் ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொசைட்டியோ தனியார் வண்டியோ, அளவு மட்டும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். கொழுப்பு, கொழுப்பில்லாத திடப்பொருள் என்ற இரண்டு எண்களையும் உங்கள் முன்னால் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.