எண்ணெய்க் கலவைகள் பாண்டலாவது ஏன்?

தெமோதரையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் பள்ளத்தாக்கு வயல்களிலும் பயிர்செய்யும் கமக்காரர் இருவகை எண்ணெய்களைக் கையாளுகின்றனர். ஒன்று வீட்டுச் சமையலுக்குரிய தேங்காயெண்ணெய். மற்றது தக்காளி, போஞ்சி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் அழுக்கணவன், வெண் ஈ முதலிய பூச்சிகளை அடக்க நீரிற் கலந்து தெளிக்கப்படும் வேப்பெண்ணெய். 2021ஆம் ஆண்டில் இரசாயன உரம், பீடைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி சில மாதங்கள் தடைப்பட்டிருந்த காலத்தில், இத்தகைய கைமருந்துகளின் தேவை நன்கு உணரப்பட்டது.

இவ்விரு எண்ணெய்களும் காசு கொடுத்து வாங்கப்படுபவை. போத்தலிற் பல மாதம் நல்ல நிலையிலிருந்த எண்ணெய், நீருடன் கலந்து வைக்கப்பட்டதும் விரைவிற் கெடுகின்றது. மீந்த கலவையை மறுவாரம் தெளிப்பவர் உழைப்பையும் பணத்தையும் ஒருங்கே இழக்கின்றார். இதன் காரணத்தை அறிந்தால் இழப்பைத் தவிர்க்கலாம்.

பாண்டல் என்பது யாது?

எண்ணெய் இரு வழிகளிற் கெடும். நீரும் பூஞ்சணமும் சேர்ந்து எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பமிலங்களை வெளிப்படுத்துவது ஒரு வழி. காற்றிலுள்ள ஒட்சிசன் எண்ணெயைத் தாக்குவது மற்றொரு வழி. இரண்டாவதே ஒட்சியேற்றம் எனப்படும். சிக்கு நாற்றம் பெரும்பாலும் இதனால் உண்டாவதாகும்.

ஒட்சியேற்றம் ஒரு தொடர்ச்செயல். தாக்கப்பட்ட ஒரு மூலக்கூறு அயலிலுள்ளதைத் தாக்கும். அது அடுத்ததைத் தாக்கும். தெமோதரை நிலையத்தை விட்டு நீங்கும் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி வந்து அந்நிலையத்தின் கீழேயே நுழைவதுபோல, இச்செயலும் சுற்றிச் சுற்றித் தொடங்கிய நிலைக்கே மீளும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு எண்ணெய் கெட்டுவிடும். வெளிச்சமும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும். இரும்பும் செம்பும் மிகச் சிறிய அளவிற் கலந்தாலும் போதும், கேடு பெருகும்.

இச்சங்கிலியை இடையில் அறுக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் ஈ, விற்றமின் சீ, தாவரங்களிலுள்ள பீனோல்கள் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஊவாவின் தாழ்நிலமாகிய மொனராகலைப் பகுதியில் விளையும் எள் இதற்கு நல்ல சான்று. நல்லெண்ணெயில் எளிதிற் கெடக்கூடிய நிரம்பாத கொழுப்பமிலங்கள் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் உள்ளன. அவ்வாறிருந்தும் அது நெடுநாள் கெடுவதில்லை. எள்ளிலுள்ள செசமோல் போன்ற பொருள்கள் அதனைக் காக்கின்றன.

எண்ணெயில் ஒன்று, கலவையில் வேறொன்று

எண்ணெயும் நீரும் தாமாகக் கூடுவதில்லை. சவர்க்காரம் சேர்த்து அடித்தால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி, பால்போன்ற கலவை உண்டாகும். இதனைப் பாற்குழம்பு என்பர். தேங்காய்ப்பாலும் இயற்கையாயமைந்த ஒரு பாற்குழம்பேயாகும்.

துளிகள் சிறுக்குந்தோறும் அவற்றின் மேற்பரப்புப் பெருகும். ஒரு லீற்றர் எண்ணெய், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைந்தால், அத்துளிகளின் மேற்பரப்பு மொத்தம் 6,000 சதுர மீற்றராகும். இது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். போத்தலின் கழுத்தளவில் மாத்திரம் காற்றைத் தொட்டு நின்ற எண்ணெய், இப்போது ஒன்றரை ஏக்கர் பரப்பில் நீரையும், நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனையும் இரும்பையும் எதிர்கொள்ளுகின்றது. கேடு நுழையும் வாயில் இந்த எல்லைப் பரப்பேயாகும்.

எனவே காவற்பொருள் அவ்வெல்லையில் நின்றாலன்றிப் பயனில்லை. வயல் வரம்பில் நண்டு வளை விழுந்தால், கமக்காரன் வயலின் நடுவில் மண்ணை இடுவதில்லை, வளையையே அடைக்கிறான். இங்கும் அவ்வாறே.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சோள எண்ணெயைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காட்டினர். நீரை நாடும் விற்றமின் சீ, தனி எண்ணெயை நன்கு காத்தது. பாற்குழம்பிலோ அது நீரிற் கரைந்து எண்ணெய்த்துளியை விட்டு விலகியது. எண்ணெயை நாடும் விற்றமின் ஈ அங்கே துளியுடன் நின்று சிறந்து விளங்கியது. எண்ணெயை மிக அதிகமாக நாடும் பொருளே எப்போதும் மேலானது என்றும் கொள்ளலாகாது. 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, ஒரு காவற்பொருளுடன் இணைத்த காபன் தொடர் நீள நீள அதன் காப்பு வளர்ந்து, 12 காபன் அளவில் உச்சம் பெற்று, அதற்கு மேல் திடீரெனக் குறைந்தது. மிகுதியாக எண்ணெயை நாடிய பொருள் எல்லையில் தங்காது போவதே இதற்குக் கூறப்படும் காரணம்.

தேங்காய்ப்பால் தரும் பாடம்

இலங்கையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. களனிப் பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞர் கபில செனவிரத்னவும் அவருடைய குழுவினரும் இருமுறைகளில் வடித்த தேங்காயெண்ணெயை ஒப்பிட்டு, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். சூடின்றிப் பிரித்த எண்ணெயைவிட, தேங்காய்ப்பாலை நீர் வற்றும்வரை காய்ச்சி எடுத்த எண்ணெயிற் பீனோல்கள் மிகுந்திருந்தன. ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் ஆற்றலும் மிகுந்திருந்தது. நீர் வற்றும்போது, நீரையும் சக்கையையும் சார்ந்திருந்த பீனோல்களில் ஒரு பகுதி எண்ணெயை அடைகின்றது. நீரை ஓரளவு நாடும் இப்பொருள்கள் தனி எண்ணெயில் நற்காவலாகும். பாட்டிமார் கையாண்ட காய்ச்சும் முறைக்கு விஞ்ஞானம் அளிக்கும் சான்று இது.

தேங்காயெண்ணெயிற் கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிரம்பியவை. ஆதலால் அது ஒட்சிசனுக்கு இலகுவில் இடங்கொடாது. ஈரமே அதன் பெரும் பகை. வேப்பெண்ணெயிலோ நிரம்பாதவை பாதிக்கு மேல் உள்ளன. மேலும், அதிற் பூச்சியை அடக்கும் அசடிரக்ரின் என்னும் பொருள் வெயிலிலும் காரநீரிலும் சிதையும். சவர்க்காரம் காரத்தன்மையுடையது. ஆகவே, எந்த ஒட்சியேற்ற எதிரியைச் சேர்த்தாலும், கலந்து வைத்த வேப்பெண்ணெய் நெடுநாள் பயன் தராது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. எண்ணெயை எண்ணெயாகவே சேமித்து வைக்க. ஈரமற்ற, கருநிறமான போத்தலில் நிறைய ஊற்றி, இறுக மூடி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்தல் நன்று.

2. தெளிக்கவேண்டிய அன்றே, தேவையான அளவை மாத்திரம் கலக்குக. தமிழ்நாட்டிற் பல பயிர்களுக்கு ஒரு லீற்றர் நீருக்கு 30 மில்லி லீற்றர் வேப்பெண்ணெய் சிபார்சு செய்யப்படுகின்றது. முதலிற் சில செடிகளில் மாத்திரம் தெளித்து, இலை கருகாமை கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிக்க.

3. சவர்க்காரத்தை முதலில் எண்ணெயுடன் நன்கு குழைத்து, பின்னர் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அடிக்க. எண்ணெய் மேலே மிதந்தால் மீண்டும் கலக்குக.

4. கலவையைக் காக்கும் எண்ணத்துடன் தேசிக்காய்ச் சாறு சேர்த்தலாகாது. புளிப்பு சவர்க்காரத்தை முறித்து எண்ணெயைப் பிரித்துவிடும். அதிலுள்ள விற்றமின் சீயும், இரும்பு கலந்த நீரிற் கேட்டைத் தூண்டக்கூடும்.

5. துருப்பிடித்த தகரம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் எண்ணெயையோ கலவையையோ வைக்கலாகாது.

6. மாலை வேளையில் இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளிக்க. வேலை முடிந்ததும் தெளிகருவியைக் கழுவி உலர்த்துக.

7. பழைய எண்ணெயுடன் புதியதைச் சேர்த்தலாகாது. பழையதிற் சேர்ந்துள்ள கேடு புதியதையும் விரைவிற் கெடுக்கும்.

போத்தலிலுள்ள எண்ணெய்க்கு அதற்குரிய இயற்கைக் காவல் உண்டு. நீர் சேர்ந்த கணமே அக்காவல் சிதறுகின்றது. ஆதலால் இன்று கலந்ததை இன்றே தெளிப்பவர் எண்ணெயின் முழுப் பயனையும் பெறுவர்.