ஜன்னலுக்கு அப்புறமும் இப்புறமும்



ஒரு காட்சியை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். மும்பை மாநகராட்சியின் ஒரு வார்டு அலுவலகம். காலை பதினொரு மணி. ஜன்னலுக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்து, நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிக் குடும்பத்தைக் காக்கும் ஒரு சகோதரி. ஆறு வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இந்தியும் மராத்தியும் தடையின்றி வராது. அரை நாள் கூலியை இழந்து நிற்கிறார்.

ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நம்மைப் போன்ற ஒரு விசுவாசி. லஞ்சம் வாங்காதவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய கைப்பேசி ஒலிக்கிறது. பேசுகிறவர் சபையின் மூப்பர். "தம்பி, நம்ம சபைப் பிள்ளை ஒருத்தர் வர்றாரு. அவர் வேலையைக் கொஞ்சம் முன்னாடி முடிச்சுக் கொடுத்துடுங்க. நம்ம ஆளுதான்."

இதில் பணம் கைமாறவில்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. அன்பின் நிமித்தம் கேட்கப்பட்ட ஓர் உதவி, அவ்வளவே. அந்தச் சகோதரர் என்ன செய்யவேண்டும்? நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

லஞ்சம் வாங்காதிருந்தால் போதுமா?

நேர்மை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பரிதானம் ஒன்றே. அதை வெறுக்கிற நாம், முகதாட்சிணியத்தை அவ்வளவாக வெறுப்பதில்லை. அந்நிய நகரத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு மொழியும் ஊரும் சபையும்தான் துணை. ஆகவே "நம்ம ஆள்" என்ற சொல் நமக்கு இனிக்கிறது. ஆனால் அதே சொல்லை மற்றொரு மொழிக்காரர், மற்றொரு மார்க்கத்தார் தம்மவருக்காகச் சொல்லும்போது, வரிசையில் நிற்கிற நாம் எவ்வளவு கசந்துபோகிறோம்! யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிற பட்சபாதம் ஜெப ஆலயத்து இருக்கைகளோடு முடிந்துபோகிற ஒன்றல்ல. அது அலுவலக ஜன்னலுக்கும் வருகிறது.

பொதுப்பணியின் அறநெறியை வகுத்தவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தில் நோலன் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு, 1995-ஆம் ஆண்டில் பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்துக் கொடுத்தது. தன்னலமின்மை, நேர்மை, நடுநிலைமை, பதில் சொல்லும் கடமை, வெளிப்படைத்தன்மை, உண்மை, தலைமைப் பண்பு என்பவையே அவை. நடுநிலைமை என்பது தனியொரு நெறியாகவே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கையில் கறை படியாதவனும் பட்சபாதத்தினால் தவறக்கூடும்.

நம் தேசத்திலோ, தமிழரான கே. சந்தானம் தலைமையில் 1962-ல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரைப்படி, 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவாயிற்று. அதே ஆண்டில் வந்த மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், ஊழியர் எக்காலத்தும் முழுமையான நேர்மையும் கடமையில் ஈடுபாடும் காக்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. 2013 முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அறநெறிக்கென்றே 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் வைக்கப்பட்டிருக்கிறது. அத்தேர்வுக்கு ஆயத்தப்படும் நம் வாலிபர்கள் மேல்நாட்டு ஞானிகளின் கொள்கைகளை மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றை அந்த ஜன்னலண்டையில் கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்போம்.

நான்கு கேள்விகள்

முதலாவது கேள்வி விளைவைப் பற்றியது. பெந்தாம், மில் என்ற ஆங்கிலேய அறிஞர்கள், ஒரு செயலால் உண்டாகும் நன்மை தீமைகளை எடைபோட்டு, மிகுதியான பேருக்கு மிகுதியான நன்மை தருவதையே செய் என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மூப்பர் கேட்ட உதவியால் ஒருவருக்கு நன்மை. மற்றவர்களுக்குப் பத்து நிமிடத் தாமதம்தான். ஆனால் தினமும் இப்படிப் பத்து அழைப்புகள் வந்தால்? வரிசையின் கடைசியில் நிற்பவர் மறுநாளும் வரவேண்டும்; மறுநாள் கூலியும் போயிற்று. "ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்" என்ற எண்ணம் ஊரெங்கும் பரவும். அந்த எண்ணமே இடைத்தரகர்களைப் பிழைக்கவைக்கிறது.

இரண்டாவது கேள்வி கடமையைப் பற்றியது. ஜெர்மானிய ஞானி கான்ட், 1785-ல் வெளியிட்ட தம் நூலில், நீ கைக்கொள்ளும் விதியை எல்லாரும் கைக்கொள்ளலாம் என்று உன்னால் மனதார விரும்பக்கூடுமா என்று கேட்கச் சொன்னார். எல்லா அலுவலரும் தம்மவரை முன்னே விட்டால், வரிசை என்ற ஒன்றே இல்லாமற்போகும். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றும் அவர் போதித்தார். சிபாரிசு இல்லாத அந்தச் சகோதரியைக் காத்திருக்க வைத்து நம் நட்பை வளர்த்துக்கொண்டால், அவருடைய நேரத்தை நம் ஆதாயத்திற்குக் கருவியாக்கினோம் அல்லவா?

மூன்றாவது கேள்வி குணத்தைப் பற்றியது. நற்குணம் பழக்கத்தினால் உருவாகிறது என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் போதித்தார். தீய குணமும் அப்படித்தானே உருவாகிறது! முதலில் ஒரு தேநீர். பின்பு பண்டிகைக்கு ஓர் இனிப்புப் பெட்டி. பின்பு மகளின் திருமணத்திற்கு ஒரு "அன்பளிப்பு". ஒரே நாளில் எவரும் விழுந்துபோவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு படி இறங்குகிறார்கள்.

நான்காவது கேள்வி நியாயத்தைப் பற்றியது. அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய நூலில், சமுதாயத்தில் நமக்கு எந்த இடம் கிடைக்கும் என்று அறியாதபடி ஒரு திரையின் பின்னால் நின்று விதிகளை வகுத்துப் பாருங்கள் என்றார். நாளைக்கு நீங்கள் மூப்பரின் உறவினராயிருப்பீர்களோ, பாஷை தெரியாத வீட்டு வேலைக்காரியாயிருப்பீர்களோ தெரியாது. அப்படியானால் எந்த விதியைத் தெரிந்துகொள்வீர்கள்? வந்த வரிசைப்படி என்பதைத்தானே?

வெவ்வேறு திசையிலிருந்து புறப்பட்ட இந்த நான்கு கேள்விகளும் ஒரே ஜன்னலில் வந்து சேருகின்றன. ஆயினும் எது சரி என்று அறிந்துகொண்டால் மட்டும் அதைச் செய்யும் பெலன் நமக்கு வந்துவிடாது. மூப்பருக்கு "முடியாது" என்று தாழ்மையோடு சொல்லும் தைரியம், தேவபயத்திலிருந்து பிறக்கவேண்டும். யூதா தேசத்தின் அதிபதியாயிருந்த நெகேமியா, தனக்கு முன்னிருந்த அதிபதிகள் ஜனங்களிடத்தில் வாங்கிய படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாங்காதிருந்தார். தேவனுக்குப் பயந்ததும், ஜனங்களின் பாரத்தைக் கண்டதுமே அதற்குக் காரணம் என்று நெகேமியா ஐந்தாம் அதிகாரம் சொல்லுகிறது.

இரக்கம் என்றால் விதியை மீறுவதா?

இங்கே நல்ல உள்ளங்களையும் வருத்துகிற ஒரு கேள்வி எழும்புகிறது. அந்தச் சகோதரியின் குழந்தை மும்பையில் குடிசையிலேயே பிறந்தது. பிறப்பு பதிவாகவே இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் உரிய நடுவரின் ஆணையின்றிப் பதிவு செய்யக்கூடாது. அவருடைய கண்ணீரைக் கண்டு, விசுவாசியான அலுவலர் தேதியை மாற்றி எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது, பிரியமானவர்களே. இன்று இரக்கத்திற்காகப் பொய் எழுதிய கை, நாளைக்கு வேறொன்றிற்காகவும் எழுதும். அந்தப் பொய்ச் சான்றிதழே பிற்காலத்தில் அந்தக் குழந்தைக்குக் கண்ணியாகவும் மாறக்கூடும். அப்படியானால் "விதி இடங்கொடுக்காது, போ" என்று ஜன்னலை அடைத்துவிடுவதா? அதுவும் கூடாது. விதியைக் காட்டி ஏழையைத் துரத்துகிறவன் நேர்மையுள்ளவன் அல்ல, அவன் சோம்பேறி.

உத்தமமான அலுவலர் என்ன செய்வார்? அவளுக்கு விளங்கும் பாஷையில் பேசுவார். எந்த நடுவரிடம் செல்லவேண்டும், என்னென்ன தாள்கள் வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தினால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் தொடக்கக் கல்வியில் இடம் மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்லுவதையும் எடுத்துரைத்து, "பள்ளிக்குப் போய்ச் சொல்லுங்கம்மா" என்று அனுப்புவார். இதற்குப் பத்து நிமிடம் செல்லும். விதி ஒன்றையும் மீறவேண்டியதில்லை. பொதுப்பணியில் இரக்கம் என்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

ஜன்னலுக்கு இப்புறம் நிற்கிறவர்களுக்கு

அரசு உத்தியோகம் எனக்கில்லை, இது எனக்கல்ல என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதிருங்கள். ரேஷன் அட்டைக்கும் பாஸ்போர்ட் விசாரணைக்கும் மின் இணைப்புக்கும் நாம் எல்லாரும் வரிசையில் நிற்கிறவர்களே.

நம் சாட்சி நேரங்களை எண்ணிப் பார்க்கிறேன். "ஆறு மாதமாக அசையாத கோப்பைக் கர்த்தர் அசைத்தார்" என்று சொல்லும்போது நாம் கைதட்டி அல்லேலூயா சொல்லுகிறோம். உண்மையாகவே கர்த்தர் அசைத்திருந்தால் அவருக்கே மகிமை. ஆனால் மேஜைக்கு அடியில் நீட்டிய உறை அசைத்திருந்தால், அந்தக் கனத்தைக் கர்த்தருக்குச் செலுத்துவது அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகும் அல்லவா? பவுல் அப்போஸ்தலன் பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்துத் தேசாதிபதியாகிய பேலிக்ஸ் அவரை அடிக்கடி அழைத்துப் பேசினான். பவுலோ பணம் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கட்டப்பட்டவராகவே இருந்தார் என்று அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தாமதமும் ஒரு சாட்சியே.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்டபின், லஞ்சம் கொடுப்பதும் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ முறையிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். மத்திய அரசு அலுவலகங்களில் இதற்குக் கட்டணம் பத்து ரூபாய்தான். இன்ன சேவையை இத்தனை நாளில் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டங்களும் உண்டு. தில்லியிலும் கர்நாடகத்திலும் 2011-லும், மகாராஷ்டிரத்தில் 2015-லும் அவை இயற்றப்பட்டன. உறையை நீட்டுமுன் இந்தக் கதவுகளைத் தட்டினோமா?

விலை உண்டு

நேர்மைக்கு விலை இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் இருந்த பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை இரகசியமாக வைக்கும்படி வேண்டியும் அது காக்கப்படவில்லை. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். தேசம் அதிர்ந்தது. 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானத்தின் மூலம், இப்படிப்பட்ட புகார்களைப் பெற்று, புகார் செய்பவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

எல்லாரும் உயிரைக் கொடுக்க அழைக்கப்படுவதில்லை. ஆனால் இடமாற்றம், பதவி உயர்வில் தாமதம், உடன் வேலை செய்பவர்களின் ஏளனம், சில வேளைகளில் சொந்தச் சபையாரின் மனத்தாங்கல் ஆகியவை வரும். ஆகையால் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அரசுப் பணியில் இருக்கும் சகோதர சகோதரிகளிடம் சலுகை கேட்டுப் போகாதிருங்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள். பிள்ளைகளின் திருமணப் பேச்சில் "மேல் வரும்படி உண்டா" என்று விசாரிக்காதிருங்கள். காணிக்கைப் பெட்டியின் வரவு செலவைச் சபையிலும் திறந்து காட்டுங்கள். ஏழைகளுக்கென்று சேர்த்த தர்மப்பணத்தின் காரியத்தில், தேவனுக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் குற்றஞ்சாட்டப்படாதிருக்கப் பவுல் கவனமாயிருந்தார் என்பதை 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காண்கிறோம்.

தம்மிடம் வந்த ஆயக்காரரையும் போர்ச்சேவகரையும் யோவான் ஸ்நானன் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த வேலையிலேயே நியாயமாய் நடக்கச் சொன்னார். நம்மையும் கர்த்தர் அந்த நாற்காலியிலேயே சாட்சியாக வைத்திருக்கிறார்.

மறுபடியும் அந்த ஜன்னலுக்கு வாருங்கள். கைப்பேசியில் அந்தச் சகோதரர் பணிவோடு பதில் சொல்லட்டும்: "ஐயா, அவரை வரச் சொல்லுங்க. வரிசையில் நிற்கட்டும். முறை வந்ததும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் முடித்துக் கொடுக்கிறேன். வெளியே நம்ம ஆட்கள் நாற்பது பேர் நிற்கிறாங்க."

ஜெபிப்போம்

அன்பின் பரலோகப் பிதாவே, மேஜையின் மேல் நான் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளிலும் ஒரு குடும்பத்தின் வாழ்வு இருக்கிறது என்று உணரச் செய்யும். பரிதானத்துக்கும் முகதாட்சிணியத்துக்கும் என் கையை விலக்கிக் காத்தருளும். வரிசையில் நிற்கும் வேளையில் பொறுமையையும், உண்மையாய் நிற்கும் பெலனையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன். ஆமென்.